தூதுவளையின் மாலை வீரியம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும். எதற்குப் பயப்படுகிறோம் என்பது பிறகு மெதுவாக வந்து சேரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முறை மாறிவிட்டது. காரணம் முதலில் வந்தது. அதை என் மனைவி கொண்டுவந்தாள், கையில் பாதி நறுக்கிய வெங்காயத்தோடு.

அந்த வெங்காயத்துக்குப் போவதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வேலப்பன்சாவடிப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் மைக்ரோவேவ் பாடம் நடத்துகிறேன். மைக்ரோவேவ் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்பது, "அதுல கேக் நல்லா வருமா?" என்றுதான். பல வருடம் விளக்கிப் பார்த்தேன். இப்போதெல்லாம் "சூப்பரா வரும்" என்று சொல்லிவிட்டு பிரியாணியைக் கவனிக்கிறேன்.

என்னுடைய மைக்ரோவேவில் கேக் வராது. அது மேசை மேல் நீளமாகக் கிடக்கும் ஒரு செவ்வகப் பித்தளைக் குழாய். ஒரு முனையிலிருந்து அலை கிளம்பும். மறுமுனையில் ஏதாவது ஒரு பொருளை அடைத்து மூடினால், அலை அதில் புகுந்து மோதித் திரும்பும். திரும்பி வருவதை அளந்தால், அந்தப் பொருள் அலையை எப்படி நடத்தியது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அது தெரியாமலேயே நீங்கள் இதுவரை நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறீர்கள். 'எண்' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் குழாயை நம்பித்தான் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். பதிவு செய்தபோது எடுத்த புகைப்படத்தில் எனக்கு முன்நெற்றி வரை முடி இருக்கிறது. முதலில் ஆன்டெனா என்று ஆரம்பித்தேன். வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். பிறகு அலையை உறிஞ்சும் பெயின்ட் என்று மாற்றினேன். அதில் என் சட்டைகள்தான் உறிஞ்சின. கால நீட்டிப்பு கேட்டேன், கொடுத்தார்கள். மறுபடி கேட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்கள். கடைசியாகக் கொடுத்தபோது எழுத்தில் சொல்லிவிட்டார்கள்: இந்த முறை ஆய்வுக் குழுவின் முன்னால் உருப்படியான முடிவுகளைக் காட்டாவிட்டால் பதிவு ரத்து.

ரத்து என்றால் இத்தனை வருடமும் போச்சு. கல்லூரியில் பட்டம் இல்லாதவர்களை ஏற்கெனவே ஒருமாதிரி பார்க்கிறார்கள். என் துறைத் தலைவர் என்னிடம் படித்த பையன். அவன் இன்னும் என்னை "சார்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

இந்த நிலைமையில் எனக்கு இருமல் வந்தது. பூந்தமல்லியில் ஒரு பெண் சித்த மருத்துவரிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பேச்சில் மட்டும் என்னைவிட முப்பது வயது பெரியவர். தூதுவளை சாப்பிடச் சொன்னார். சும்மா இருக்காமல், "எப்போ பறிச்சாலும் ஒண்ணுதானா டாக்டர்?" என்று கேட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடி பறிக்கணும்னு எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு சார். அதுல நிஜமாவே வித்தியாசம் வருதான்னு உட்கார்ந்து அளந்து பார்த்த ஆளை நான் பார்த்ததில்லை" என்றார்.

என் வயிறு கலங்கியது. இது சந்தோஷக் கலக்கம். இலையைப் பித்தளைக் குழாயில் அடைத்தால் எண் வராதா என்ன? மறுநாளே என் ஆய்வு வழிகாட்டியிடம் ஓடினேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கும் மனிதர். அதற்குள் என்னை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்ற கவலையிலேயே இளைத்துப்போனவர். "மைக்ரோவேவ்ல மூலிகையா?" என்று கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரிய்யா. இதுலயாவது எவனும் உன்னை முந்த மாட்டான்."

மருத்துவரும் இணை ஆய்வாளராக இருக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"இலையை நீங்களே பறிக்கணும் சார். வாங்கக் கூடாது. என் கிளினிக்குப் பின்னாடியே கொடி இருக்கு. விடியறதுக்குள்ள வாங்க, காப்பு கட்டிட்டுப் பறிங்க."

காப்பு என்றால் மஞ்சள் தோய்த்த நூல். அதைச் செடியில் கட்டி, 'உன்னைப் பறிக்கப் போகிறேன், மன்னித்துக்கொள்' என்று கேட்டுவிட்டுத்தான் மூலிகையைத் தொட வேண்டுமாம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா காப்பு கட்டுறவன் செடிகிட்ட ரெண்டு நிமிஷம் நிப்பான். இது எந்தச் செடி, நேத்து மழை பெஞ்சதா, இலையில பூச்சி இருக்கா, எல்லாம் அவன் கண்ணுல படும். உங்க லேப்ல எதையும் தொடுறதுக்கு முன்னாடி நோட்டுல எழுத மாட்டீங்களா? அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க."

"கண்டிப்பா டாக்டர்" என்றேன். அந்தக் 'கண்டிப்பா'வின் ஆயுள் கிளினிக் வாசல்படி வரைதான்.

நான் குடியிருப்பது கொரட்டூரில். விடியுமுன் கிளம்பி பூந்தமல்லி போய், செடியிடம் மன்னிப்புக் கேட்டு, பிறகு கல்லூரிக்கு வர வேண்டும். ஞானஸ்நானம் வாங்கி, நற்கருணை வாங்கி, நாற்பத்தெட்டு வயது வரை ஒழுங்காக வளர்ந்த நான் ஒரு கொடிக்கு மஞ்சள் நூல் கட்டுவதை எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த எவராவது பார்த்துவிட்டால்? இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மைக் காரணம் தூக்கம். அதற்கு அடுத்த காரணம், கல்லூரி வாசலுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி, கீரைக்காரம்மா ஒருவர் தினமும் தூதுவளைக் கட்டு வைத்திருந்தது.

மருத்துவரிடம், "ஆவடியில ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்துல கொடி இருக்கு டாக்டர். காலைலயும் சாயங்காலமும் அங்கேயே பறிச்சுக்கறேன், காப்பெல்லாம் கட்டி" என்று போனில் சொன்னேன். அப்படி ஒரு நண்பர் கிடையாது. ஆனால் பொய்யைத் தனியாக நிற்கவைக்க எனக்கு மனம் வராது. போகப்போக அந்த நண்பருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன். பிறகு ஒரு நாயையும் கொடுத்தேன். ஒருநாள் மருத்துவர், "அவங்க நாய்க்கு இப்போ உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டார். எப்போது அதற்கு உடம்பு சரியில்லாமல் போனது என்று எனக்கே நினைவில்லை.

இப்படியாக எட்டு மாதம் ஓடியது. காலையில் கல்லூரிக்குள் நுழையும்போது ஒரு கட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு, கல்லூரி பஸ் கிளம்புவதற்குள் ஓடிப்போய் இன்னொரு கட்டு. இலையை உருவி, கைக்குட்டையால் துடைத்து, நசுக்கி, குழாயில் அடைத்து அளப்பேன். முடிவு வந்தது பாருங்கள், அதில்தான் மயங்கிவிட்டேன். காலை இலைக்கு ஓர் எண். மாலை இலைக்கு அதைவிட எவ்வளவோ பெரிய எண். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எல்லா நாளும். வெயில் காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடியது. என் வாழ்க்கையில் எந்தச் சோதனையும் இத்தனை ஒழுங்காக என் பேச்சைக் கேட்டதில்லை.

இலை பகலெல்லாம் வெயிலை வாங்கி, சாயங்காலத்துக்குள் தனக்குள்ளே ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது என்று ஒரு கோட்பாடு கட்டினேன். அதற்கு 'மாலை வீரியம்' என்று பெயரும் வைத்தேன். வழிகாட்டிக்கு முகத்தில் சதை போட்டது. மருத்துவர் மட்டும் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு சார். செடின்னா இவ்வளவு ஒழுங்கா இருக்காதே" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். அதற்கு முந்தைய ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹாலில் நின்று ஒத்திகை பார்த்தேன். கேட்பதற்கு ஆள் வேண்டுமே. என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வெளியிலிருந்து வரும் சரக்கை வாசலிலேயே நிறுத்திப் பார்ப்பது அவள் வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு வாஷர்கூட உள்ளே போகாது. இந்த வீட்டுக்குள் அவள் கையெழுத்து இல்லாமல் நுழைந்த ஒரே சரக்கு நான்தான் என்று அடிக்கடி சொல்வாள்.

வரைபடத்தைக் காட்டி முடித்தேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"ஏங்க, இந்த இலை எங்கேருந்து வருது?"

"ஆவடில, நண்பர் தோட்டத்துலேருந்து."

"எந்த நண்பர்? ஆவடில உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு என் தம்பி. அவன் மூணாவது மாடில இருக்கான். துளசி வச்சாலே பட்டுப்போவுது."

"சரி, கீரைக்காரம்மாகிட்ட வாங்கறேன். அதுக்கென்ன? இலை இலைதானே?"

"சாயங்கால இலை?"

"அதே அம்மாகிட்ட."

கத்தி நின்றது. "அந்தம்மா கீரை மேல தண்ணி தெளிப்பாங்க இல்ல?"

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மைக்ரோவேவ் படித்த எவனுக்கும் தெரியும், அந்த எண்ணை உயர்த்துவதில் தண்ணீரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் பாடத்திலேயே நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. இலைக்குள் கொஞ்சம் தண்ணீர் கூடினால் போதும், எண் எங்கேயோ போய்விடும்.

தெளித்ததை நான் பார்க்காதவனா? எத்தனையோ சாயங்காலம் அந்தத் தண்ணீர் என் பேன்ட் மேல் பட்டிருக்கிறது. "பார்த்துத் தெளிங்கம்மா" என்று நானே கோபித்துக்கொண்டிருக்கிறேன். பேன்ட் நனைந்தது தெரிந்த முனைவருக்கு இலை நனைந்தது தெரியவில்லை. அட, முனைவரே இன்னும் ஆகவில்லை.

"எங்க கம்பெனில இந்த மாதிரி சரக்கு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

அதன் பிறகு என் மூளை வேலை செய்த வேகம் எட்டு மாத ஆராய்ச்சியில் ஒருநாளும் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரலாம். பித்தளைக் குழாய் காணாமல் போகலாம். அவ்வளவு நீளமான குழாய் எப்படிக் காணாமல் போகும் என்ற கேள்வி வந்ததும் அதை விட்டேன். மைத்துனன் வீட்டு மூன்றாவது மாடியில் ஒரு வாரம் ஒளிந்துகொள்ளலாம். மருந்துக் கடையில் ரத்த அழுத்தம் பார்த்தேன். கடைக்காரர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க சார்" என்றார்.

ஒரு நூலிழை மட்டும் மிச்சமிருந்தது. சாயங்காலக் கட்டு ஒருவேளை மத்தியானம் புதிதாகப் பறித்து வந்ததாக இருந்தால்? திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

"இன்னா சார்" என்றார் கீரைக்காரம்மா. "ரெண்டு வேளையும் தூதுவளை துன்னுற. இன்னும் இருமலு போவலியா? எதுனா பெரிய ஆஸ்பத்திரில காட்டு சார். பாக்கவே பாவமா கீது."

எட்டு மாதமாக அவர் என்னை நோயாளி என்று நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்.

"இருமல் இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். கீரை மேல எவ்வளவு தண்ணி தெளிப்பீங்க?"

"இன்னா கேள்வி இது. லாரி போவுது, பஸ்சு போவுது, அனலு அடிக்குது. தெளிக்கலன்னா பத்து மணிக்கே சுருண்டுகினு பூடும். வெயிலு ஏற ஏற தெளிச்சுகினே இருப்பேன்."

"சாயங்காலத்துக்கு வேற கட்டு வராதா?"

"எவன் கொண்டாருவான், உன் மாமனாரா? எல்லாம் விடிகாலைல வந்த கட்டுதான். மத்தியானத்துல பக்கெட்டு தண்ணில முக்கி வச்சு, நாலு மணிக்கு ஒதறி எடுத்து வைப்பேன். அப்பத்தான் பறிச்ச மாதிரி கீதா இல்லியா?"

"இருக்கும்மா."

"அப்பறம் இன்னா கொறை?"

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. இன்னிக்கு ஒரு உதவி. இந்த ஒரு கட்டை மட்டும் தனியா வைங்க. சாயங்காலம் வரைக்கும் தண்ணி காட்டாதீங்க."

"வாடிப் பூடும் சார்."

"வாடட்டும்."

குழந்தைக்குச் சோறு போடாதே என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சாயங்காலம் போனபோது அந்தக் கட்டை சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். "சீக்கிரம் எடுத்துகினு போ. நாலு பேரு பாத்தா என் கடை பேரு கெட்டுடும்."

வாடிய கட்டையும் பக்கெட்டில் குளித்த கட்டையும் அடுத்தடுத்து அளந்தேன். மாலை வீரியம் முழுக்க இரண்டாவது கட்டில் இருந்தது. எட்டு மாத உழைப்பில் நான் கண்டுபிடித்திருந்தது இதுதான்: தண்ணீரில் முக்கினால் இலை ஈரமாகும்.

செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி போய் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நண்பர் இல்லை, நண்பரின் மனைவி இல்லை, நாய் இல்லை. நாயைச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"நீங்க பறிக்கலைன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "தூதுவளை பூரா முள்ளு. எட்டு மாசம் பறிச்சவர் விரல் இப்படியா இருக்கும்? கல்யாண மாப்பிள்ளை கை மாதிரி இருக்கு. யாரோ ஆளை வச்சுப் பறிக்கிறீங்கன்னு நினைச்சேன். பஸ் ஸ்டாப்புன்னு நினைக்கல."

"முதல்லயே கேட்டிருக்கலாமே டாக்டர்."

"கேட்டேனே. நாய்க்கு உடம்பு எப்படின்னு கேட்டப்போ, பேரப்பிள்ளை மாதிரி அழகா இருக்குன்னீங்க. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது?" அவர் எரிச்சலோடு மருந்துச் சீட்டுக் கட்டைத் தள்ளிவைத்தார். "இதுல என் பேரும் இருக்கு சார். அதை மறந்துட்டீங்க."

மறக்கவில்லை. நினைக்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

"புதன், வியாழன் இருக்கு. வெள்ளிக்கிழமை விடியக்காலையும் இருக்கு" என்றார். "காலைல வாங்க. சாயங்காலமும் வாங்க. நீங்களே பறிங்க. என்ன வருதோ அதைக் காட்டுங்க."

புதன்கிழமை, இருட்டு பிரியாத நேரத்தில், மஞ்சள் நூலோடு அந்தக் கொடியின் முன் நின்றேன். பக்கத்து வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நூலைக் கட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமே, என்ன சொல்வது என்று தெரியவில்லை. "எட்டு மாசம் லேட்டாயிடுச்சு" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. இரண்டு நிமிடம் நின்றதில், அடி இலையில் பூச்சி அரித்திருந்ததும், ஒரு பக்கம் மட்டும் பனி பிடித்திருந்ததும் கண்ணில் பட்டன. அந்த மருத்துவர் சொன்னது சரியாகப்போனது வேறு எரிச்சலாக இருந்தது. பிறகு பறித்தேன். இலையின் நரம்பில்கூட முள் வைத்திருக்கிறது அந்தச் செடி. மூன்றாவது இலையிலேயே ரத்தம்.

வீட்டில் விரலைப் பார்த்த மனைவி, "செடிகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கன்னா மட்டும் முட்டி வலி வந்துடும்."

அளந்து பார்த்ததில், காலையில் பறித்ததற்கும் மாலையில் பறித்ததற்கும் எண்ணில் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. வரைபடத்தின் கோடு, ஆஸ்பத்திரியில் உயிர் போனவனின் திரையில் ஓடுவதுபோல் நேராக ஓடியது.

வெள்ளிக்கிழமை நான் கையில் எடுத்துக்கொண்டு போன பென் டிரைவில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'ஃபைனல்'. இன்னொன்றின் பெயர் 'ஃபைனல் உண்மை'. எதைத் திறப்பது என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. நல்லவனாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 'ஃபைனல்' வரைபடம் எவ்வளவு அழகு. ஒருமுறை காட்டிவிட்டு, பட்டம் வாங்கிவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க வருத்தப்பட்டுக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். வருத்தப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அறையில் என் வழிகாட்டி, வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள், கடைசி வரிசையில் மருத்துவர். இரண்டு பேராசிரியர்களில் ஒருவர் எப்போதும் தூங்குகிற மாதிரியே இருப்பார். அவர்தான் ஆபத்து. பென் டிரைவைச் செருகப்போன என் கையைப் பார்த்து அவர் கண்ணைத் திறந்தார். விரல்களில் நாலைந்து பிளாஸ்திரி.

"கையில என்ன?"

"தூதுவளை முள்ளு, சார்."

"எட்டு மாசமா பறிக்கறதா ரிப்போர்ட்ல இருக்கு. இன்னுமா பழகல?"

'இல்லை சார், பழகவில்லை' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சிரித்திருப்பார்கள். நான் 'ஃபைனலை'த் திறந்திருப்பேன். வாயைத் திறந்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அவ்வளவுதான்.

"இந்த மூணு நாளாத்தான் சார் பறிக்கறேன்" என்றேன். "அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல வாங்கினேன்."

அதன்பின் நிறுத்த முடியவில்லை. கீரைக்காரம்மா, பக்கெட், சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்த கட்டு, எல்லாம் வந்தன. தேவையே இல்லாமல் நாயையும் சொன்னேன். டாக்டருக்கு எதுவும் தெரியாது, பொய் முழுக்க என்னுடையது என்பதை இரண்டு முறை சொன்னேன். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றிக் கண்களை மூடிக்கொண்டார். இப்போது அவர்தான் தூங்குகிற மாதிரி இருந்தார்.

தூங்காத பேராசிரியர் கேட்டார்: "அப்போ உங்க அளவு என்னத்தைக் காட்டுது?"

"அந்தம்மா தண்ணி தெளிச்சதை, சார்."

"சரியா காட்டுதா?"

"ஒரு நாள்கூட விடல சார். வெயில் ஜாஸ்தியான நாள்ல அவங்க கூடத் தெளிச்சிருக்காங்க. அதைக்கூடக் காட்டியிருக்கு."

"அப்போ கருவி மேல தப்பு இல்ல."

"இல்ல சார். ஆள் மேலதான்."

என்னை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் மாணவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். என் பழைய மாணவனான துறைத் தலைவர் வந்து, "தண்ணி வேணுமா சார்?" என்று பரிவாகக் கேட்டார். தண்ணீர் என்ற சொல்லையே கேட்க முடியாத நிலையில் இருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எட்டு மாத முடிவுகள் அத்தனையும் நீக்கம். 'மாலை வீரியம்' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. ஆறு மாதம், இதுவே கடைசி. தொட்டியில் நானே செடி வளர்க்க வேண்டும்; எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன், யார் பறித்தார்கள், எப்போது பறித்தார்கள் என்று ஒவ்வோர் இலைக்கும் பதிவு வேண்டும்; ஒவ்வொரு பக்கத்திலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதையே எழுத வேண்டும். பதிவு ரத்தாகவில்லை. தப்பித்தேன் என்பதும் இல்லை.

வெளியே வந்ததும் வழிகாட்டி என் தோளைப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "இத்தனை வருஷத்துல நீ சொன்ன ரிசல்ட்ல நான் முழுசா நம்பினது இது ஒண்ணுதான்யா" என்று அலுத்துக்கொண்டு போனார். மருத்துவர் போகிற போக்கில், "மஞ்சள் நூல் கண்டா வாங்கி வச்சுக்குங்க. ஆறு மாசத்துக்கு வேணும்" என்றார்.

இப்போது கொரட்டூர் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகள் நிற்கின்றன. நான்கு மாதம் முடிந்துவிட்டது. கோடு இன்னும் நேராகத்தான் ஓடுகிறது. பதிவேட்டை மனைவி தன் தொழிற்சாலைப் படிவத்தைப் பார்த்து வரைந்து கொடுத்திருக்கிறாள். போன வாரம் நேரம் எழுத மறந்த ஒரு பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று எழுதிவிட்டாள். மருத்துவர் அதைப் பார்த்து, இவங்களையே இணை ஆய்வாளரா போட்டிருக்கலாம் என்கிறார். இரண்டு பெண்களும் போனில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது குழுக் கூட்டத்தைவிட அதிகப் பயத்தைக் கொடுக்கிறது.

நேற்று சாயங்காலம் ரசத்துக்காகக் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கினேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தோ பார் சார்," என்றார் கடைசியில், "எல தண்ணி குடிச்சுகினு கீதா இல்லியான்னு பாக்கறதுக்கா அம்மாம் பெரிய மிசினு? கையில தொட்டா தெரியாது?"

சொல்லிக்கொண்டே சொம்பை எடுத்துக் கட்டுகள் மேல் சுழற்றித் தெளித்தார். முழங்கால் வரை நனைந்தது. பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, மாலை நாலு மணி ஐந்து நிமிடம், கீரையும் பேன்ட்டும் ஈரம் என்று எழுதிவைத்துக்கொண்டேன்.